ஏழாவது ராத்திரி

நான் பஜாரில் வளர்ந்தவன். எனக்குப் பொய்யே வராது என்று சொன்னால் எங்கள் புகாரா நகரம் முழுக்கச் சிரிக்கும். ஆனால் எங்கள் பொய்க்கு ஒரு முறை உண்டு. லாபமில்லாமல் சொல்லமாட்டோம். இந்தச் சம்பவத்தைச் சொல்வதால் என் கடையில் ஒரு முழத் துணிகூடக் கூடுதலாக விற்கப்போவதில்லை. கேட்டுவிட்டுப் போன மூன்று நல்ல வாடிக்கையாளர்கள் இப்போது எதிர்ச்சாரியில் நடக்கிறார்கள். ஆகவே நம்பலாம். இது நடந்தது. 2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை இரவு.

என் பெயர் சாத்திபால்தி. ‘விற்று வாங்கியவன்’ என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீடுகளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். அடுத்துப் பிறக்கும் குழந்தையை ஜன்னல் வழியாக வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். பதிலுக்கு வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்வார்கள். சாவு தேடி வந்தால் பிள்ளை அந்த வீட்டுக் கணக்கிலேயே இருக்காது. ஏமாந்து திரும்பிவிடும். சொன்ன நாள் முடிந்ததும் வாங்கினவள் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். பெற்றவள் சாமானைத் திருப்பிக் கொடுப்பாள். எனக்கு முன்னால் இரண்டு அண்ணன்மார் தொட்டிலோடு போனார்கள். மூன்றாவதாக வந்த நான் விற்கப்பட்டேன். பஜாரில் இன்றும் என்னை ‘ரிட்டர்ன் சரக்கு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அம்மா பெயர் மஸ்தூரா. அறுபத்தெட்டு வயது. மார்ச் மாதம் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். அம்மா அடுத்த குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்றார்.

அம்மா அழவில்லை. மறுநாளே தலைத்துணியைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். போகப்போகிறவர்கள் பழகின ஒவ்வொருவரிடமும் போய் “ராஜியா?” என்று கேட்கவேண்டும். மனசில் குறை ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். “ஆயிரம் தடவை ராஜி” என்று பதில் வரவேண்டும். அது வராமல் போனால் மண்ணுக்குள் தூக்கம் வராது என்பார்கள்.

மெத்தை தைக்கும் ஸபோஹத்தோடு அம்மாவுக்கு இருபது வருஷப் பகை. அவள் வாசலிலும் போய் நின்றாள்.

“ராஜியாடி?”

“என் சேவலைக் கல்லால அடிச்சுக் கொன்னியே, அதுக்குமா?”

“அதுக்கும்தான்.”

“போய்த் தொலை. ஆயிரம் தடவை ராஜி.”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சேவலுக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பார்கள்.

ஏப்ரல் பாதியில் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஒருத்திதான்டா மிச்சம். பாலைவனத்துல.”

“அங்க ஒட்டகம்தானே இருக்கு? அதுகிட்ட என்ன வம்பு பண்ணினே?”

“உன்னை வாங்கினவ.”

நான் சிரிப்பை நிறுத்தினேன்.

அவள் பெயர் நூர்சுலு. கசாக் இடையர் வீட்டுப் பெண். பிள்ளை இல்லாதவள். கிஸில்கூம் மணலில் ஆக்-குதுக் என்ற கிணற்றடியில் இருந்தாள். அந்த வருஷம் அப்பா ஆட்டுத்தோல் எடுக்க அங்கே லாரியோடு போயிருந்தார். நிறைமாத அம்மாவும் கூடப் போனாள். நான் அங்கேயே பிறந்தேன். ஏழு ராத்திரி என்று பேச்சு. நூர்சுலு ஓர் இரும்புச் சட்டுவத்தைக் கொடுத்து என்னை வாங்கினாள். பகலில் அம்மா பால் கொடுக்கலாம். ராத்திரி நான் நூர்சுலுவின் பிள்ளை.

ஆறு ராத்திரி ஆயிற்று. ஏழாம் நாள் விடியுமுன் மேற்கே செம்மண் காற்று எழும்புவதை அப்பா பார்த்துவிட்டார். ஏறு லாரியில் என்றார். நூர்சுலு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தொட்டிலிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். சட்டுவமும் மூட்டையிலேயே வந்துவிட்டது.

சரக்கும் போச்சு, விலையும் போச்சு. பஜாரில் இதற்கு வேறு பெயர்.

“காத்து வந்தாலும் எழுப்பிச் சொல்லிட்டு வந்திருக்கலாமேடின்னு உங்கப்பாவே பின்னாடி சொன்னார். எழுப்பினா குடுக்கமாட்டாளோன்னு பயந்துட்டேன்டா. உனக்குப் பாடிக்கிட்டே தூங்கிப்போயிருந்தா. ஒரு ராத்திரிதானே மிச்சம் இருந்துச்சு...”

ஆனால் நூர்சுலு கோபப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. மறுவருஷத்திலிருந்து ஒவ்வொரு ஏப்ரல் 19 விடியற்காலையும் எங்கள் வாசல் கொக்கியில் ஒரு சட்டை தொங்கும். என் அளவு. அளந்து தைத்ததுபோல் இருக்கும். ஒட்டகமயிர் நூல், கைத்தையல். நான் துணிக்காரன், தையலைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவேன். நாற்பது சட்டையும் ஒரே கை. ஒரு குறை மட்டும் உண்டு. கடைசிப் பொத்தான் தைத்திருக்காது. நூல் தொங்கும். அம்மாதான் முணுமுணுத்துக்கொண்டே தைப்பாள்.

எர்மெக் என்று ஒரு லாரி டிரைவர். அப்பாவின் பழைய ஆள். பாலைவனத்துக்கும் புகாராவுக்கும் ஓட்டுவார். அம்மா வருஷாவருஷம் அவரிடம் நூர்சுலுவுக்கு ஒரு துணிப்பொட்டலம் கொடுத்தனுப்புவாள். “எப்படியிருக்கா?” என்பாள். “நல்லாயிருக்கா” என்பார். அவ்வளவுதான். அவர்தான் விடியுமுன் சட்டையை மாட்டிவிட்டுப் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்த ஏப்ரலில் எர்மெக் ரஷ்யாவில் மகன் வீட்டில் இருந்தார். கேட்க ஆளில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

என் பழைய நிவா ஜீப். ஒரு கூடாரம். கம்பளி விரிப்பு. மாவு, எண்ணெய், வாணலி. பிறகு... துணியில் சுற்றின அந்தச் சட்டுவம். நான் போன வருஷச் சட்டையைப் போட்டிருந்தேன். அம்மாதான் போடச் சொன்னாள்.

மாலை 5:50. ஆக்-குதுக்.

யாரும் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. கப்பி மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது. மண்சுவர்கள் முழங்கால் உயரத்துக்குக் கரைந்திருந்தன.

“மேய்ச்சலுக்கு வேற பக்கம் போயிருப்பாங்க,” என்றாள் அம்மா. “இங்கயே இருப்போம். வியாழக்கிழமை. எண்ணெய் வாசம் போனா வருவாங்க.”

“உசுரோட இருக்கறவங்களா, போய்ச் சேர்ந்தவங்களா?”

“எண்ணெய் வாசத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது.”

வியாழன் மாலை செத்தவர்களுக்காக எண்ணெய் காயவைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூடாரம் போட இடம் பார்த்தேன். கிணற்றுக்குக் கிழக்கே ஒற்றை சக்ஸாவுல் மரம். அடியில் மண் லேசாக மேடிட்டு மெத்தையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் காற்று. அங்கே மட்டும் இல்லை. ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. குனிந்தபோது சட்டையின் கடைசிப் பொத்தான் தெறித்து மணலில் விழுந்தது. தேடினேன். கிடைக்கவில்லை.

“அம்மா, உன் தையல் லட்சணத்தைப் பாரு.”

“கண்ணுல திரை விழுந்து ரெண்டு வருஷமாச்சு. ஊசியே தெரியறதில்ல. வாய் மட்டும் உனக்கு உங்கப்பன் வாய்.”

இரவு 7:40. அம்மா அந்தச் சட்டுவத்தாலேயே எண்ணெயில் ரொட்டி திருப்பினாள். ஏழு ரொட்டி. எண்ணினேன். எண்ணுவது எனக்குத் தொழில் நோய். மூன்றை நான் தின்றேன். ஒன்றை அம்மா கிள்ளிக்கிள்ளித் தின்றாள். மிச்சத்தை மூடி வைத்தாள். சட்டுவத்தைத் துடைத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மேலே நட்சத்திரம். பாதிக்குமேல் வளர்ந்த நிலா. அவ்வளவு பெரிய ஆகாயத்துக்குக் கீழே எங்கள் நெருப்பு ஒரு பீடி முனைபோல் இருந்தது.

“ஏம்மா, அல்லாதான் எல்லாத்தையும் மன்னிக்கிறாரே. அவர்கிட்டயே கேட்டு முடிச்சுக்கக் கூடாதா? இவ்வளவு தூரம் பெட்ரோல் எதுக்கு?”

“அவருக்குச் சேர வேண்டியதை அவர் விட்டுக்குடுத்துடுவார்டா. மனுஷங்களுக்குச் சேர வேண்டியதுல அவர் கை வைக்கமாட்டார். போய் அவங்களையே பாருன்னு அனுப்பிடுவார்.”

“அப்போ பஜார் மாதிரியேதான்.”

“பஜார் அவர்கிட்டேருந்து கத்துக்கிட்டது. பாதி மட்டும்.”

அம்மா நெருப்பைக் கிளறினாள். பிறகு தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். “எனக்கு நாப்பத்தொரு வருஷம் உன் தூக்கத்தைப் பார்க்கக் கிடைச்சுது. அவளுக்குப் பேசினதே ஏழு ராத்திரி. அதுலயும் ஒண்ணு கொறைச்சுட்டேன்.”

9:15. என்னைப் படுக்கச் சொன்னாள்.

“நீ?”

“உள்ள மூச்சு முட்டும். நெருப்புகிட்ட உக்காந்திருக்கேன். நீ சூரியன் வர்ற வரைக்கும் எழுந்திரிக்காதே. என்ன ஆனாலும்.”

“ஒண்ணுக்கு வந்தா?”

“நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி எழுந்திரிச்சா போனே?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அப்போதும் புரியவில்லை. பஜாரில் பழுத்தவன் நான். என் அம்மா என்னை எதற்கு அங்கே கூட்டிக்கொண்டு வந்தாள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

11:50. கிரீச்... என்று ஒரு சத்தம். விழித்தேன். கப்பி சுற்றுகிற சத்தம். தூர்ந்த கிணறு. கயிறு இல்லாத கப்பி. காற்று என்று நினைத்துக்கொண்டேன். கூடாரத் துணி அசையவே இல்லை.

1:37. ஒரு வாசனை. ஆட்டுப்பால். அதோடு குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கப் போடும் காட்டுச்செடிப் புகை. அம்மாதான் நெருப்பில் போட்டிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

2:52. ஆட்டம்.

கூடாரம் ஆடியது. காற்றில் ஆடுவதுபோல் இல்லை. இடம்... வலம்... இடம்... வலம். ஒரே அளவு. டொக்... டொக்... என்று மரக்கால் தரையில் தட்டும் சத்தம். அந்தச் சத்தம் எந்த வீட்டில் கேட்டாலும் எங்களுக்குத் தெரியும். தொட்டில்.

முதுகில் ஒரு கை விழுந்தது. மெல்லத் தட்டியது.

அம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று நினைத்தேன். குளிராக இருந்திருக்கும். மனசு இளகிவிட்டது. நாற்பத்தொரு வயதில் யார் முதுகைத் தட்டுகிறார்கள்? சும்மா கிடந்தேன். கொஞ்சம் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு பாட்டு. ரொம்பத் தாழ்ந்த குரல். தாலாட்டு. கசாக் மொழி.

என் அம்மாவுக்குக் கசாக் பாட்டு ஒன்றும் தெரியாது.

3:58. இருமல் சத்தம். அம்மாவின் இருமல்.

வெளியிலிருந்து.

கண்ணைத் திறந்தேன். நெருப்பு வெளிச்சத்தில் கூடாரத் துணிமேல் நிழல் விழுந்திருந்தது. அம்மாவின் நிழல். கூன் முதுகு. கையில் ஜெபமாலை. கூடாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

என் முதுகில் கை நிற்கவில்லை.

தட்... தட்... தட்...

சின்னக் கை. வயதான கை இல்லை. விரல் நுனியில் மணல் நறநறத்தது.

அசையவில்லை. மூச்சு விடவில்லை. அம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. என்ன ஆனாலும் எழுந்திரிக்காதே.

இருந்தேன்.

நிலா இறங்கியது. துணி கருத்தது.

இருந்தேன்.

4:26. பாட்டு நின்றது.

காதருகே ஒரு மூச்சு. வறண்ட மூச்சு. மண் வாசம்.

“உங்கம்மாகிட்ட... சொல்லு...”

அவ்வளவுதான். கத்திவிட்டேன். ஜிப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தேன்.

அம்மா திரும்பினாள். “விடிஞ்சிருச்சா?”

கிழக்கே ஒரே இருட்டு.

“அம்மா... உள்ள...”

“தெரியும்டா.” அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடாரத்தைப் பார்த்தாள். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இடம்... வலம்... பிறகு மெதுவாக... பிறகு நின்றது.

“நூர்சுலு,” என்று அம்மா கூப்பிட்டாள். “ஏ நூர்சுலு... அவன் பயந்துட்டான்டி. சின்னப் பையன்டி. கொஞ்சம் இரு...”

அம்மா மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு அண்ணன்மார் செத்தபோது அழுத அழுகை அதுவாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்து அவள் அப்படி அழுததில்லை.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். மூடி வைத்த மூன்று ரொட்டியில் இரண்டுதான் இருந்தது. கிணற்றுச் சுவர்மேல் சட்டுவம் இல்லை. கம்பளியில் நான் படுத்த பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம். ஒடுங்கினது.

சட்டையைக் குனிந்து பார்த்தேன். கடைசிப் பொத்தான் தைத்திருந்தது. ஒட்டகமயிர் நூல்.

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் கஸ்லி ஊர் தாண்டினபிறகு அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: “ரெண்டாவது தடவையும் விடியறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்துட்டேன்.”

அன்று ஏப்ரல் 19. சாயங்காலம் வீடு வந்தோம். வாசல் கொக்கி காலியாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். “கோபமாயிட்டா,” என்றாள்.

குளிர் வந்தது. ஜனவரியில் அம்மா படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். கடைசிக்கு முந்தின நாள் கேட்டாள்.

“அன்னிக்கு... நீ ஓடி வர்றதுக்கு முன்னாடி... ஏதாவது சொன்னாளா?”

நான் வியாபாரி. “ராஜின்னு சொன்னாங்கம்மா. ஆயிரம் தடவை ராஜின்னாங்க.”

அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள். பஜாரில் எவ்வளவு வேண்டுமானாலும் வாயால் புளுகலாம். கை நீட்டினபின் கை கொடுத்தால் சொன்னது சொன்னதுதான். அதற்குமேல் பொய் இல்லை. எனக்கு ஐந்து வயதில் அப்பா கற்றுக்கொடுத்தது.

அந்தக் கை நீண்டபடியே இருந்தது.

நான் என் கையைக் கொடுக்கவில்லை. முடியவில்லை.

“சரி விடு,” என்று தன் கையை உள்ளே எடுத்துக்கொண்டாள். “பஜார்க்காரன் பெத்த புள்ள.” சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஜனவரி 11, சனிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்து 1:20. பாடையைச் சந்தில் இறக்கி வைத்தோம். எங்கள் வழக்கப்படி ஆண்கள் மட்டும் வரிசையில் நின்றோம். இமாம் கேட்டார். “இந்த அம்மாமேல எல்லாருக்கும் ராஜியா?”

“ராஜி!”

இரண்டாம் தடவை. “ராஜி!”

மூன்றாம் தடவை. “ராஜி!”

குரல்கள் அடங்கின. அதற்குப் பிறகு... பின்னாலிருந்து ஒரு குரல். தனியாக. பெண் குரல். தொண்டையில் மணல் அடைத்த குரல்.

“ராஜி.”

திரும்பினேன். பின்னால் சந்துச் சுவர்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற மச்சானிடம் கேட்டேன். “பொம்பளை யாரு?”

“எந்தப் பொம்பளை?” என்றான்.

யாரோ ஜன்னலிலிருந்து சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டேன். நூர்சுலு எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், அன்றிரவு பயத்தில் என்னென்னவோ தோன்றியது என்றுகூட மனசைத் தேற்றிக்கொண்டேன். மனுஷ மனசு நல்ல தரகன். எதையும் விலை படியவைத்துவிடும்.

நாற்பதாம் நாள் எர்மெக் வந்தார். ரஷ்யாவிலிருந்து திரும்பியிருந்தார். துஆ ஓதினார். தேநீர்க் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“தம்பி, உங்கம்மாகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். நாப்பது வருஷம் அதையே சொன்னேன். நீயாவது ராஜின்னு சொல்லு.”

“என்ன பொய் மாமா?”

“நூர்சுலு நல்லாயிருக்கான்னு.”

அவர் கிண்ணத்தையே பார்த்தபடி சொன்னார்.

“நீங்க கிளம்பின அன்னிக்கே போயிட்டாடா. எழுந்து பார்த்திருக்கா. தொட்டில் காலி. தூரத்துல லாரிப் புழுதி. பின்னாடியே ஓடியிருக்கா. காத்து வந்துடுச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் கெடைச்சா. உங்கம்மாகிட்ட எப்படிடா சொல்வேன்? உங்கம்மா குடுத்தனுப்பின துணியெல்லாம் மசூதில குடுத்தேன்.”

“அப்போ சட்டை?”

“எந்தச் சட்டை?”

“வருஷாவருஷம் நீங்க வாசல்ல மாட்டிட்டுப் போவீங்களே... ஏப்ரல்ல...”

எர்மெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நான் எதையும் மாட்டினதில்லடா. கெடைச்சப்போ நூர்சுலு கையில ஒரு சட்டை இருந்துச்சு. கைக்குழந்தைச் சட்டை. ஏழாவது ராத்திரி முடிஞ்சு உனக்குப் போட்டு அனுப்பறதுக்குத் தச்சிருக்கா. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கடைசிப் பொத்தான் மட்டும் தைக்கல. ஊசி அப்படியே தொங்கிச்சு.”

பிறகு அவர் கேட்டார்.

“போன வருஷம் அங்க போனீங்களாமே. கூடாரம் எங்கடா போட்டீங்க?”

“கிணத்துக்குக் கிழக்கே. ஒத்தை மரத்தடில. மண்ணு மெத்துனு இருந்துச்சு.”

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

“அங்கதான்டா அவளைப் படுக்க வச்சோம்.”

இந்த வருஷம் ஏப்ரல் 19. விடியற்காலை 5:05. கதவைத் திறந்து பார்த்தேன். கொக்கி காலி. உள்ளே வந்து, அன்றிரவு போட்டிருந்த சட்டையை எடுத்து, கடைசிப் பொத்தானைப் பிடித்து இழுத்தேன். பலமாகவே இழுத்தேன்.

வரவில்லை.